டூம் கேமின் அசல் சத்தம் எது?

கர்ப்பப் பரிசோதனைக் கிட்டில் 'டூம்' கேம் ஓடுது என்று 2020-இல் ஒரு வீடியோ உலகம் பூரா சுத்துச்சே, ஞாபகம் இருக்கா?

அது பாதி உண்மை. நம்ம ஆஸ்பத்திரியில் பயன்படுத்தும் ரெண்டு கோடு விழுற கார்டு இல்லை அது. டிஜிட்டல் கிட். உள்ளே அதே காகிதப் பட்டைதான். கோடு விழுந்திருக்கா என்று ஒரு சின்ன ஒளி உணரி பார்த்து, திரையில் எழுத்தாகச் சொல்லும், அவ்வளவுதான். அந்தத் திரையால் தனக்குக் கொடுத்த சில சொற்களைத் தவிர வேறெதையும் காட்ட முடியாது. அதனால் அதைச் செய்தவர் திரையைக் கழற்றிட்டு வேற திரை வெச்சார், சிப்பைக் கழற்றிட்டு வேற சிப் வெச்சார். மிஞ்சியது பிளாஸ்டிக் கூடு மட்டும். அவரே இதை ஒளிவு மறைவில்லாமல் சொல்லிட்டார். ஃபார்வர்டு பண்ணினவங்கதான் அந்த வரியை விட்டுட்டாங்க.

திரையும் போச்சு, சிப்பும் போச்சு. அப்ப அது இன்னும் டெஸ்ட் கிட்தானா?

இதே கேள்வியை டூம் கேமைப் பார்த்தே கேட்கலாம். எதையெல்லாம் மாற்றின பிறகும் அது டூம்தான்? 25 வருஷத்துக்கும் மேலா இந்தச் சண்டை நடக்குது. அதில் ரொம்ப சுவாரசியமான பகுதி படத்தைப் பற்றியது இல்லை, சத்தத்தைப் பற்றியது. இன்றைய இழை அதுதான். கொஞ்சம் நீளம். டூட்டி முடிஞ்சு, சாப்பிட்டுட்டு, காலை நீட்டி உட்கார்ந்து படிங்க.

டூம் தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. 1993 டிசம்பர் 10 அன்று, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இருந்த ஐடி சாஃப்ட்வேர் என்ற சின்ன கம்பெனி இந்த கேமை வெளியிட்டது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஒரு சர்வரில் ஏற்றினாங்க. டவுன்லோடு பண்ண வந்த கூட்டத்தில் சர்வரே திணறிப்போச்சு. முதல் பாகம், அதாவது 9 நிலைகள், இலவசம். நீங்களும் விளையாடலாம், காப்பி போட்டு நாலு பேருக்கும் கொடுக்கலாம். பிடிச்சிருந்தா மற்ற ரெண்டு பாகத்தைக் காசு கொடுத்து வாங்கணும். இதுக்கு ஷேர்வேர் என்று பேர்.

உங்க கண் வழியா ஒரு துப்பாக்கி தெரியும், எதிரே பூதங்கள் வரும், சுடணும். கதை அவ்வளவுதான். ஆனா இன்னிக்கு நம்ம பசங்க மொபைலில் விளையாடுற எல்லா சுடும் கேமுக்கும் இது தாத்தா முறை.

இதில் ஒரு முக்கியமான ஏற்பாடு இருந்தது. கேமை ஓட்டும் புரோகிராம் ஒரு ஃபைல். படம், சத்தம், பாட்டு, வரைபடம் எல்லாம் 'வாட்' என்ற இன்னொரு ஃபைல். டேப் ரெக்கார்டர் வேற, கேசட் வேற என்கிற மாதிரி. வெளி ஆட்களும் புது நிலைகள் செய்து போடட்டும் என்று யோசித்தே இப்படிப் பிரிச்சாங்க. இலவசப் பாகத்தின் வாட் ஃபைல் சுமார் 4 எம்பி. இந்த 4 எம்பியை நினைவில் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

இனி 1997 டிசம்பர் 23-க்கு வாங்க. டூம் வந்து நாலு வருஷம். ஐடி சாஃப்ட்வேரின் தலைமை புரோகிராமர் ஜான் கார்மாக் கேமின் சோர்ஸ் கோடை இணையத்தில் இலவசமாக வெளியிட்டார். கேசட் இல்லை, டேப் ரெக்கார்டரின் வரைபடம். இன்னும் காசுக்கு விற்றுக்கொண்டிருந்த ஒரு கேமுக்கு இது ரொம்பப் பெரிய காரியம். முதலில் வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. 1999 அக்டோபரில் அதையும் எடுத்துட்டு ஜிபிஎல் உரிமத்துக்கு மாற்றினாங்க. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம். ஆனா மாற்றிப் பகிர்ந்தால் உங்க கோடையும் திறந்து வைக்கணும்.

இதில் ஒரு சிக்கல். உலகம் விளையாடியது டாஸ் பதிப்பு. வெளிவந்த கோடு லினக்ஸ் பதிப்பு.

ஏன்? டாஸ் பதிப்பின் சத்தப் பகுதியை ஐடி சாஃப்ட்வேர் எழுதலை. பால் ராடெக் என்பவர் எழுதிய டிஎம்எக்ஸ் என்ற நூலகத்தை உரிமம் வாங்கிப் பயன்படுத்தினாங்க. வேறொருவர் சொத்தைத் தானம் பண்ண முடியாதுல்ல? அதனால் டாஸ் பதிப்பை அப்படியே விட்டுட்டு, டிஎம்எக்ஸ் இல்லாத லினக்ஸ் பதிப்பைக் கொடுத்தாங்க. கூடவே வைத்த குறிப்பில் கார்மாக், உரிமம் வாங்கிய சத்த நூலகத்தைப் பயன்படுத்தியது தப்பாப் போச்சு, இப்பெல்லாம் அதை நானே எழுதிக்கிறேன் என்று எழுதியிருந்தார். மைக்ரோசாஃப்ட் செய்த விண்டோஸ் பதிப்பின் கோடு எங்கே போச்சு என்றே தெரியலை என்றும் அதே குறிப்பில் இருக்கும். அந்தப் பதிப்புக்கான வேலையை அங்கே நடத்தியவர் கேப் நியூவெல், பின்னாடி வால்வ் கம்பெனியைத் தொடங்கினவர்.

அப்படி வந்த லினக்ஸ் கோடில் துப்பாக்கிச் சத்தம், பூதத்தின் உறுமல் உண்டு. பாட்டு மட்டும் இல்லை. பாட்டைத் தொடங்கு, நிறுத்து என்ற இடங்களில் வேலை செய்யாத வெற்று வரிகள்தான் இருந்தன. உடம்பு முழுசா வந்தாச்சு, குரல்வளை மட்டும் வரலை.

மருத்துவமனையில் வேலை பார்க்கிறவங்களுக்கு இந்த வலி புரியும். ஒரு மெஷின் நல்லாத்தான் இருக்கும். அதில் ஒரு சின்னத் துண்டு மென்பொருள் மூன்றாவது கம்பெனி கொடுத்ததா இருக்கும். அந்தக் கம்பெனி கடையை மூடிட்டா, பழைய ஃபைல் எதையும் திறக்க முடியாது.

சரி, அந்த விடுபட்ட துண்டு ஏன் அவ்வளவு முக்கியம்? பாட்டுதானே, போட்டா ஓடாதா?

ஓடாது. இங்கேதான் மிடி என்கிற விஷயம் வருது.

சிடி தரத்தில் ஒரு நிமிஷப் பாட்டுக்குச் சுமார் 10 எம்பி வேணும். மேலே சொன்ன 4 எம்பி வாட் ஃபைல் முழுக்கப் பாட்டை நிரப்பினாலும் அரை நிமிஷம்கூட வராது. அதனால் அக்கால கேம்கள் பாட்டைப் பதிவு செய்து வைக்கலை. எந்த நேரத்தில், எந்த வாத்தியம், எந்த ஸ்வரம், எவ்வளவு அழுத்தமா என்று குறிப்பு மட்டும் எழுதி வெச்சாங்க. அதுதான் மிடி. டூம் பயன்படுத்தியது அதன் சுருக்கப்பட்ட ஒரு வடிவம், பேர் மஸ்.

எங்க பாஷையில் சொன்னால் மிடி என்பது மருந்துச் சீட்டு. "31-ஆம் எண் வாத்தியம், இந்த அளவு, இத்தனை நேரம்" என்று எழுதியிருக்கும். மருந்து சீட்டில் இல்லை, மருந்துக் கடையில் இருக்கு. 1991-இல் ஜெனரல் மிடி என்ற பொது விதி வந்து, 128 வாத்தியங்களுக்கு எண் கொடுத்தது. 31 என்றால் முறுக்கேறிக் கரகரக்கும் எலெக்ட்ரிக் கிட்டார். டூம் முதல் நிலையின் பாட்டைத் தூக்கி நிறுத்துவது இந்த மாதிரிக் கிட்டார்தான்.

ஆனா இந்த உவமை ஒரு இடத்தில் உதைக்கும். பாராசிட்டமால் 500 என்று எழுதினால் எந்தக் கம்பெனி மாத்திரை வாங்கினாலும் காய்ச்சல் இறங்கும். 31-ஆம் எண் கிட்டார் என்று எழுதினால் ஒரு கடையில் கிட்டார் வரும், இன்னொரு கடையில் தேனீக்கூட்டம் வரும். விதி எண்ணைத்தான் ஒரே மாதிரி ஆக்கியது. சத்தத்தை இல்லை.

டூமுக்கு இசை எழுதியவர் பாபி பிரின்ஸ். அவர் எழுதும்போது பக்கத்தில் வைத்திருந்த கருவி ரோலண்ட் கம்பெனியின் சவுண்ட் கேன்வாஸ் எஸ்சி-55. 1991-இல் வந்தது. உள்ளே உண்மையான வாத்தியங்களின் சின்னச் சின்னப் பதிவுகள் இருக்கும். அவர் காதில் விழுந்தது அந்தச் சத்தம். கிட்டாரின் அளவு, டிரம்ஸின் அளவு எல்லாமே அந்தப் பெட்டியைக் கேட்டுக் கேட்டுச் சரி செய்தவை.

வாங்கி விளையாடினவங்க வீட்டில் அந்தப் பெட்டி இருந்ததா? பெரும்பாலும் இல்லை. விலை அப்படி. சாதாரண வீட்டில் இருந்தது சவுண்ட் பிளாஸ்டர் கார்டு. அதில் இருந்தது யமஹாவின் ஓபிஎல் வகை சிப். அந்தச் சிப்பில் எந்த வாத்தியத்தின் பதிவும் கிடையாது. ஒரு அலையைக் கொண்டு இன்னொரு அலையின் அதிர்வெண்ணை வேகமாக ஆட்டினால் புதுப்புது ஒலிகள் பிறக்கும். எஃப்எம் ஒலியாக்கம் என்பாங்க. ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கண்டுபிடித்தது, யமஹா உரிமம் வாங்கியது. ரெண்டு அலையை வைத்து ஒரு கிட்டாரை உருவாக்கணும் என்றால் என்ன வரும்? கிட்டாரின் கார்ட்டூன் வரும். ஆனா நல்ல கார்ட்டூனுக்கு ஒரு தனி உயிர் உண்டு, அதையும் சொல்லணும்.

இதில் இன்னொரு கூத்து. பழைய ஓபிஎல்2 சிப்பில் ஒரே நேரத்தில் 9 குரல்தான். அடுத்து வந்த ஓபிஎல்3-இல் 18. உங்க கார்டில் புது சிப் இருந்தாலும் டூம் அதைப் பழைய சிப்பாகத்தான் நடத்தும். டாஸில் டிஎம்எக்ஸ்ஆப்ஷன் என்று ஒரு அமைப்பை நீங்களே தட்டெழுதினால்தான் 18 குரலும் திறக்கும். இதைத் தெரிந்து செய்தவர்கள் எத்தனை பேர் இருப்பாங்க என்று நினைக்கிறீங்க? பத்தாவது ஸ்வரம் வரும்போது பழைய ஒன்பதில் ஒன்றைக் கொன்னுட்டுத்தான் புதுசுக்கு இடம் கொடுக்கணும். எதைக் கொல்வது என்று முடிவு பண்ணியது அந்த டிஎம்எக்ஸ். அந்த முடிவெடுக்கும் முறையும் கேமின் பதிப்புக்குப் பதிப்பு மாறியது.

இப்ப பிரச்சினை புரியுதா? பாட்டுக் குறிப்பு வாட் ஃபைலில் இருக்கு. ஓபிஎல் வாத்தியங்களின் அமைப்பும் அதே ஃபைலில் 175 வாத்தியங்களுக்கு இருக்கு. ரெண்டையும் சேர்த்து வாசித்த வித்வான் மட்டும் வெளியே வரலை.

கோடு வெளியானதும் ஆளாளுக்குக் கிளம்பிட்டாங்க. இப்படித் திறந்த கோடை எடுத்து வேற கம்ப்யூட்டர்களில் ஓடும்படி, வேற வசதிகளோடு மாற்றி எழுதுவதுக்குத்தான் சோர்ஸ் போர்ட் என்று பேர். 1998-இலேயே டீம் டிஎன்டி குழு 'பூம்' கொண்டுவந்தது. அதே வருஷம் ராண்டி ஹெய்ட் 'இசட்டூம்' கொண்டுவந்தார். அதிலிருந்து 2005-இல் கிறிஸ்டோஃப் ஓல்கர்ஸ் 'ஜிஇசட்டூம்' செய்தார். கிராஃபிக்ஸ் கார்டைப் பயன்படுத்தும், மேலேயும் கீழேயும் பார்க்கலாம், குதிக்கலாம். அசல் டூமில் குதிக்கவே முடியாது, தெரியுமா? மேலே நிற்கும் பூதத்தைச் சுடணும்னா அந்தத் திசையில் நின்று சுட்டாலே போதும், குண்டே மேலே ஏறிக்கும்.

எல்லாரும் கேமை முன்னால் இழுத்துக்கொண்டிருந்தபோது ஒருத்தர் பின்னால் இழுத்தார். சைமன் ஹோவர்ட். 2005-இல் அவர் வெளியிட்டது 'சாக்லேட் டூம்'. அசல் டூமை ரசிகர்கள் 'வனிலா' என்று சொல்வது வழக்கம், அதுக்குப் பக்கத்து ருசி இது. நோக்கம் ஒன்றுதான்: டாஸ் டூம் எப்படி நடந்துகொண்டதோ அப்படியே நடந்துகொள்ளணும். பிழைகள் உட்பட. 320-க்கு 200 புள்ளிகள், 256 நிறங்கள், நொடிக்கு 35 காட்சிகள். ஒரே காட்சியில் தரையும் கூரையுமாகச் சேர்த்து 128 தளத் துண்டுகளுக்கு மேல் வந்தால் அசல் கேம் பிழை சொல்லிட்டு நின்னுடும். இதுவும் நின்னுடும். சரி செய்வது அஞ்சு நிமிஷ வேலை. வேணும்னே செய்யலை.

பைத்தியக்காரத்தனமா தோணுதா? ஒரு காரணம் இருக்கு.

டூமில் விளையாட்டைப் பதிவு பண்ணலாம். பதிவாவது வீடியோ இல்லை, நீங்க அழுத்திய பட்டன்கள். நொடிக்கு 35 முறை, முறைக்கு 4 பைட். ஒரு நிமிஷ ஆட்டம் 8,400 பைட்தான். திருப்பிப் போடும்போது கேம் அந்தப் பட்டன்களைத் தானே அழுத்தி மறுபடி விளையாடும். அதிர்ஷ்டத்தில் நடப்பது மாதிரித் தெரியும் விஷயங்கள்கூட 256 எண்கள் கொண்ட ஒரு நிலையான பட்டியலிலிருந்துதான் வருது. அதனால் அதே பட்டனுக்கு அதே விளைவு, ஒவ்வொரு முறையும்.

இப்ப கோடில் ஒரு பிழையைத் திருத்தினீங்க என்று வைங்க. எங்கேயோ ஒரு பூதம் ஒரு அடி தள்ளி நிற்கும். அது சுட்ட குண்டு படாமல் போகும். பட்டியலில் அடுத்த எண் மாறும். பத்து நொடியில் உங்க ஆள் சுவரில் முட்டிக்கொண்டு வெறும் சுவரைச் சுட்டுக்கொண்டிருப்பார். 90-களிலிருந்து யார் வேகமாக முடிக்கிறாங்க என்று போட்டி போட்டு மக்கள் சேர்த்து வைத்த பதிவுகள் எல்லாம் குப்பையாயிடும்.

ஆக, ஒரு போர்ட் அசலுக்கு எவ்வளவு விசுவாசமா இருக்கு என்பதற்கு வாய்ப்பேச்சு தேவையில்லை. பழைய பதிவைப் போட்டுப் பாருங்க. கடைசி வரை ஓடினால் பாஸ். லேபில் ஒரு புது டெஸ்ட் வந்தால் பழைய தரமான டெஸ்டோடு ஒப்பிட்டுப் பார்ப்போமே, அதே மாதிரி. டிஎஸ்டிஏ-டூம் மாதிரியான போர்ட்கள் இந்தப் பதிவுகளைப் பிசகாமல் ஓட்டுவதையே முதல் வேலையாக வைத்திருக்கு.

ஆனா சத்தத்துக்கு இப்படி ஒரு டெஸ்ட் கிடையாது. பட்டன் பதிவில் பாட்டு வராது. எந்த ஒலி அசல் என்று காதைத்தான் கேட்கணும். காதோ, சின்ன வயசில் கேட்டதைத்தான் அசல் என்று சொல்லும்.

அதனால்தான் சாக்லேட் டூம் கூட்டத்தின் ஒரு வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த டிஎம்எக்ஸ் எப்படி நடந்துகொண்டது என்பதை வெளியிலிருந்தே பார்த்து, பிரித்து, மறுபடி எழுதினாங்க. எந்தக் குரலைக் கொல்வது என்ற அந்த முறை உட்பட. எந்தப் பதிப்பு டூம் என்பதைப் பொறுத்து அது மாறுவதையும் விடலை. இன்னொரு பக்கம், அந்த யமஹா சிப்பையே திறந்தாங்க. மேல்மூடியைக் கரைத்து எடுத்து, உள்ளே இருக்கும் சிலிக்கானை மைக்ராஸ்கோப்பில் படம் எடுத்து, அதிலிருந்த எண் அட்டவணைகளைப் படித்தாங்க. சிப்புக்குப் போஸ்ட்மார்ட்டம். அந்த மாதிரி ஆய்வின் மேல் எழுந்ததுதான் நியூக்ட் ஓபிஎல்3 என்ற எமுலேட்டர். இன்னிக்கு உங்க லேப்டாப்பில் டூம் போட்டு ஓபிஎல் இசை கேட்டால், பெரும்பாலும் அதைத்தான் கேட்கிறீங்க.

சவுண்ட்ஃபான்ட் இன்னொரு பாதை. 1994-இல் கிரியேட்டிவ் கம்பெனி சவுண்ட் பிளாஸ்டர் ஏடபிள்யூஇ32 என்ற கார்டைக் கொண்டுவந்தது. இ-மு என்ற கம்பெனியை வாங்கி, அவங்க தொழில்நுட்பத்தை உள்ளே வைத்தாங்க. வாத்தியங்களின் பதிவுகளை ஒரே ஃபைலில் கட்டி, நமக்குப் பிடித்ததை ஏற்றிக்கொள்ளலாம். எழுத்துக்கு ஃபான்ட் மாற்றுகிற மாதிரி ஒலிக்கு ஃபான்ட். அந்தக் கார்டில் இதற்கென்று இருந்த ரேம் வெறும் 512 கேபி. இன்னிக்குக் கார்டே வேண்டாம், ஃப்ளூயிட்சிந்த் மாதிரி ஒரு மென்பொருள் போதும்.

மருந்துச் சீட்டு உவமைக்குத் திரும்பினால், சவுண்ட்ஃபான்ட் என்பது நீங்களே மருந்துக் கடை வைப்பது.

இங்கே புதுசா வருகிறவங்க எல்லாரும் பெரிய ஃபைலைத்தான் தேடுறாங்க. பெரிசு என்றால் நல்லது என்ற நினைப்பு. ஃப்ளூயிட்ஆர்3 என்று ஒன்று, சுமார் 140 எம்பி. வாத்தியங்கள் அழகான பதிவுகள். டூம் பாட்டை அதில் போட்டால் சில இடங்களில் நல்லாருக்கும், சில இடங்களில் ஏதோ உதைக்கும். காரணம் மேலேயே சொல்லியாச்சு: பாபி பிரின்ஸ் அளவு பார்த்தது எஸ்சி-55 பெட்டியில். அந்தப் பெட்டியில் கிட்டார் எவ்வளவு உரக்க ஒலிக்குமோ அதை மனசில் வைத்து எண் எழுதியிருக்கார். வேறொரு ஃபான்டில் கிட்டார் அடங்கியும் டிரம்ஸ் ஓங்கியும் இருந்தால் அதே எண்ணுக்கு வேற சமநிலை வரும். நாதஸ்வரத்தை மனசில் வைத்து எழுதிய தவில் அடியை, புல்லாங்குழலுக்கு அதே வேகத்தில் அடித்தால் குழல் காணாமல் போயிடும்ல, அதுதான்.

எஸ். கிறிஸ்டியன் காலின்ஸ் செய்த ஜெனரல்யூசர் ஜிஎஸ் இதில் ரொம்ப நிதானமானது. சுமார் 30 எம்பிதான். வாத்தியங்களுக்கு இடையே உள்ள சமநிலையை ஒழுங்காகப் பார்த்திருக்கார். எந்தப் பழைய கேம் பாட்டைப் போட்டாலும் எதுவும் துருத்திக்கொண்டு நிற்காது. என்னிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்க என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

நம்ம ஊரில் 2000 வாக்கில் பிரவுசிங் சென்டரிலும் கம்ப்யூட்டர் கிளாஸிலும் மிடி பாட்டு கேட்டு வளர்ந்தவங்களுக்கு இன்னொரு ஒலி காதில் ஒட்டியிருக்கும். அது விண்டோஸோடு வரும் மைக்ரோசாஃப்டின் மிடி ஒலி. அதன் உள்ளே இருக்கும் வாத்தியப் பதிவுகள் ரோலண்டிடம் உரிமம் வாங்கியவை. சுமார் 3 எம்பிக்குள் சுருக்கி அடக்கியிருக்கு. ஆக, அது எஸ்சி-55 குடும்பத்தின் ஏழைச் சொந்தக்காரன். எதிரொலி, கோரஸ் மாதிரி அலங்காரங்கள் இல்லாமல் தட்டையா இருக்கும்.

எஸ்சி-55 பெட்டியின் ஒலியைப் பதிவு செய்து சவுண்ட்ஃபான்டாகக் கட்டியவர்களும் உண்டு. பக்கத்தில் வரும், அதுவே ஆகாது. பெட்டி ஒரு ஸ்வரத்தை வாசிக்கும்போது உள்ளே வடிகட்டி, எதிரொலி எல்லாம் நேரத்துக்கு நேரம் மாறும். பதிவில் அது ஓரளவுக்குத்தான் சிக்கும். அதனால் நியூக்ட் எஸ்சி-55 என்று அந்தப் பெட்டியின் மூளையையே மென்பொருளாக எழுதிட்டாங்க. அது ஓட, பெட்டிக்குள் இருக்கும் ராம் சிப்பின்—ரேம் இல்லை, அழியாத நினைவகம்—நகல் வேணும். அதன் உரிமை ரோலண்டுடையது. டிஎம்எக்ஸ் கதையில் நின்ன அதே இடம்தான். வித்வானை மறுபடி செய்யலாம், வாத்தியம் இன்னொருத்தர் பீரோவில் இருக்கு.

கார்மாக் அந்தப் பாடத்தைச் சும்மா எழுதி வைக்கலை. 1996-இல் வந்த 'குவேக்' கேமின் கோடு 1999 டிசம்பரில் வெளியானபோது சத்தப் பகுதியும் கூடவே வந்தது. ஆனா அங்கே வேற ஒரு ஓட்டை. குவேக்கின் இசை ட்ரென்ட் ரெஸ்னர் குழுவுடையது, சிடியில் சாதாரண ஆடியோ டிராக்காக இருந்தது. பின்னாளில் இணையத்தில் கேமை டவுன்லோடாக விற்றபோது சிடி இல்லை, அதனால் இசையும் இல்லாமல் பல வருஷம் விற்றாங்க. டூமின் பாட்டு சின்னக் குறிப்பாக வாட் ஃபைலுக்குள்ளேயே ஒட்டிக்கிட்டு இருந்ததால் அது எங்கேயும் தொலையலை. எப்படி வாசிக்கணும் என்பதுதான் தொலைஞ்சது.

சரி டாக்டர், முடிவா எது அசல்? எழுதியவர் கேட்டதா, வாங்கினவங்க கேட்டதா?

என் கருத்து: டூமின் வரலாறு தெரிய வேண்டும் என்றால் ஓபிஎல். அன்றைக்குப் பெரும்பாலான வீடுகளில் ஒலித்தது அது. இசையமைப்பாளரின் மனசு தெரிய வேண்டும் என்றால் எஸ்சி-55. ரெண்டில் ஒன்றுதான் உண்மை என்று சண்டை போடுபவர்கள் ஒன்றை மறக்கிறாங்க. பாபி பிரின்ஸ் வேலை செய்த அதே கேமுக்குள்தான் ஓபிஎல் வாத்தியப் பட்டியலும் இருக்கு. விற்றவங்க ரெண்டையும் தெரிந்தேதான் விற்றாங்க. 140 எம்பி ஃபான்டில் நிஜக் கிட்டார் மாதிரி கேட்பது தப்பில்லை, ஆனா அதை அசல் என்று சொல்லாதீங்க. ஆண்ட்ரூ ஹல்ஷல்ட் நிஜ வாத்தியங்களோடு மறுபடி வாசித்த ஐடிகேஎஃப்ஏ என்ற தொகுப்பு 2024-இல் வந்த டூம் மறுவெளியீட்டிலேயே இருக்கு. பிரமாதமான வேலை, அதுவும் தன்னை அசல் என்று சொல்லிக்கொள்ளலை.

போட்டுப் பார்க்கணும் என்று தோணுறவங்களுக்கு: இலவசப் பாகத்தின் வாட் ஃபைல் இன்றும் இலவசம்தான். முழு கேம் கடைகளில் கிடைக்கும். காசே செலவு பண்ண விருப்பமில்லையா, 'ஃப்ரீடூம்' என்று ரசிகர்களே புதிதாகச் செய்த வாட் இருக்கு. படம், இசை எல்லாம் வேற, ஓட்டும் எஞ்சின் அதேதான்.

பழைய லேப்டாப், முதல் தடவை என்றால் ஃபேபியன் கிரெஃப்ராத் செய்த 'கிரிஸ்பி டூம்' போதும். சாக்லேட் டூமிலிருந்து வந்தது. புள்ளிகளை ரெண்டு மடங்காக்கி, அந்த 128 மாதிரித் தடைகளை எடுத்திருக்கார். நடத்தை மாறாது. ரசிகர்கள் செய்த பெரிய புது உலகங்களுக்குள் போகணும் என்றால் ஜிஇசட்டூம். அதன் கூடவே ஒரு சின்ன சவுண்ட்ஃபான்டும் வரும், அமைப்பில் போய் ஓபிஎல்லுக்கும் மாற்றிக்கலாம். சாக்லேட் டூம் வரலாற்றுப் பிரியர்களுக்கு.

மருத்துவரா ஒரு குறிப்பு. இந்த மாதிரி கேம் விளையாடினால் சிலருக்குத் தலை சுற்றும், குமட்டும். கண் "ஓடிக்கிட்டு இருக்கோம்" என்று சொல்லும், உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு "சும்மாதான் உட்கார்ந்திருக்கோம்" என்று சொல்லும். மூளை குழம்பும். பஸ்ஸில் புத்தகம் படித்தால் வருவது இதன் தலைகீழ். டூமில் நடக்கும்போது பார்வை மேலும் கீழும் ஆடும், அது இன்னும் கிளப்பிவிடும். கிரிஸ்பி டூமில் அந்த ஆட்டத்தைக் குறைக்கவோ நிறுத்தவோ அமைப்பு இருக்கு, முதலில் அதை நிறுத்துங்க. திரையிலிருந்து கொஞ்சம் தள்ளி உட்காருங்க, லைட்டைப் போட்டுக்கோங்க. சுற்ற ஆரம்பித்தால் உடனே நிறுத்துங்க, பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் சரியாகாது, கூடும். வலிப்பு நோய் இருக்கிறவங்க உங்க டாக்டரைக் கேட்காமல் மின்னி மின்னி எரியும் இந்த மாதிரி கேம் பக்கம் போக வேண்டாம்.

முதல் நிலையை ஓபிஎல்லில் ஒரு தடவை, ஜெனரல்யூசரில் ஒரு தடவை போட்டுக் கேளுங்க. எது பிடித்தது என்று கமென்டில் சொல்லுங்க. தொடங்கின அறையிலேயே இடது பக்கம் படிக்கட்டு இருக்கும், மேலே பச்சைக் கவசம் இருக்கு. அதை எடுத்துக்கிட்டுப் போங்க.